ஒரு வயரை மாற்றிக் குத்தியதால் போன இரண்டு இரவுகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் அக்கா வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. பிரிண்ட், ஸ்கேன், கொப்பி மூன்றையும் செய்யும் சாதாரண மெஷின்தான், வைஃபை கிடையாது, யூஎஸ்பி வயர் மட்டும். அக்கா தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே வகுப்பெடுக்கிறார், வினாத்தாள் எல்லாம் இதில்தான் அடிப்பார். போன வியாழன் இரவு போன் வந்தது. "தம்பி, பிரிண்டர் ஓஃப்லைன் எண்டு காட்டுது, ஒருக்கா வந்து பாரன்."

போய்ப் பார்த்தால் அக்கா பதினொரு தரம் பிரிண்டை அமத்தி வைத்திருக்கிறார். பதினொன்றும் வரிசையில் நிற்கின்றன, ஒன்றும் அசையவில்லை, கான்சல் கொடுத்தாலும் 'டிலீட்டிங்' என்று காட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறது. பின்னேரமே ஒரு கடையில் கேட்டாராம், உள்ளே இருக்கிற சர்க்கிட் போர்ட் போயிருக்கும், புதிசு வாங்குங்கோ என்று பார்க்காமலே சொல்லிவிட்டார்கள்.

நான் முதலில் செய்தது ஒன்றுதான் புத்தியான வேலை. பிரிண்டரின் கண்ணாடியில் ஒரு தாளை வைத்து அதன் கொப்பி பட்டனை அமத்தினேன். நல்ல கறுப்பாகக் கொப்பி வந்தது. கொம்பியூட்டர் இல்லாமல் கொப்பி எடுக்கிற மெஷினுக்கு மையும் ஹெட்டும் சரி, மிச்சப் பிரச்சினை பெரும்பாலும் வயரிலோ விண்டோஸிலோதான்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் விசர் வேலை. செட்டிங்ஸில் இரண்டு பிரிண்டர் தெரிந்தது, ஒரே பெயர், ஒன்றின் வாலில் மட்டும் 'கொப்பி 1'. அதைப் பார்த்தவுடனேயே விஷயம் விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை, இரண்டையும் அழித்துவிட்டு பெட்டியில் கிடந்த சிடியைப் போட்டேன். டிரைவர் என்பது விண்டோஸ் பிரிண்டரோடு பேசுவதற்கான சொப்ட்வெயர். சிடியில் இருந்தது 32 பிட் டிரைவர், அக்காவின் விண்டோஸ் 64 பிட், ஏறாது. இணையத்தில் தேடினால் முதலில் வருவதெல்லாம் 'டிரைவர் அப்டேட்டர்' தளங்கள், அவற்றைத் தொடவே தொடாதீர்கள், டிரைவர் வருகிறதோ இல்லையோ வேறு நாலு சாமான் சேர்ந்து வரும். பிரிண்டர் செய்த கம்பனியின் தளத்தில் மொடல் நம்பரைக் கொடுத்து எடுத்தேன். போட்டேன். திரும்பவும் அதே ஓஃப்லைன். நேரம் பன்னிரண்டு.

"நீ கொம்பியூட்டர்தானே படிச்சனீ?" என்றார் அக்கா. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளி இரவு ஒழுங்காக இருந்து செய்தேன். செட்டிங்ஸில் பிரிண்டரை அழித்தால் அதன் பெயர்தான் போகும், டிரைவர் விண்டோஸுக்குள் அப்படியே கிடக்கும், அடுத்த முறை வயரைக் குத்தியவுடன் விண்டோஸ் அதே பழையதைத் தூக்கி வைத்துவிடும். அதனால் முதலில் சேர்விசஸுக்குள் போய் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்தினேன். பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக அனுப்புவது இதுதான். அது நின்ற பிறகு விண்டோஸ் போல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற போல்டரைத் திறந்து உள்ளே கிடந்த பைல்களை மட்டும் அழித்தேன். போல்டரை அழிக்கக் கூடாது. அக்காவின் பதினொரு வினாத்தாளும் அங்கேதான் சிக்கிக் கிடந்தன.

ஸ்பூலரைத் திரும்ப ஓடவிட்டு, 'பிரிண்ட் சேர்வர் ப்ரொப்பர்டீஸ்' என்பதில் டிரைவர்ஸ் பக்கத்துக்குப் போனால் பழைய டிரைவர்கள் வரிசையாக இருக்கும். அழிக்கும்போது டிரைவரை மட்டுமா, அதை ஏற்றுகிற பைல்கள் இருக்கும் பக்கேஜையும் சேர்த்தா என்று கேட்கும், சேர்த்து அழிக்க வேண்டும். பாவனையில் இருக்கிறது என்று முரண்டு பிடித்தால் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கிய கையோடு உடனே அழித்துப் பாருங்கள், எனக்கு இரண்டாம் தரத்தில் போனது. பிறகு வயரைக் கழற்றி வைத்துவிட்டு சொப்ட்வெயரை ஏற்றினேன், அது கேட்ட பிறகுதான் வயரைக் குத்தினேன். இந்த ஒழுங்கு மாறினால் விண்டோஸ் தன்பாட்டில் ஏதோ ஒரு டிரைவரைப் போட்டுவிடும், பிரிண்ட் வந்தாலும் ஸ்கேன் வராமல் போகலாம்.

வயரைக் குத்தும்போதுதான் கண்டேன், அது வழக்கமான இடத்தில் இல்லை. மருமகன் போன் சார்ஜ் போடுவதற்காகப் பிரிண்டர் வயரைக் கழற்றிப் பக்கத்து ஓட்டையில் குத்தியிருக்கிறான். விண்டோஸ் அதைப் புதுப் பிரிண்டர் என்று நினைத்து 'கொப்பி 1' என்று பெயர் வைத்துவிட்டது, டிபோல்ட், அதாவது சொல்லாமலே பிரிண்ட் போகிற பிரிண்டர், மட்டும் பழையதிலேயே நின்றது. அக்கா அடித்ததெல்லாம் வயரே இல்லாத ஒரு பிரிண்டருக்குப் போயிருக்கிறது. வியாழக்கிழமையே டிபோல்டை மாற்றியிருந்தால் ஐந்து நிமிட வேலை. இரண்டையும் அழித்துக் குழப்பியது நான்தான், அதை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிரிண்ட் வந்தது, ஆனால் ஒரு வினாத்தாள் மட்டும் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாக. அக்காவுக்கு முகம் செத்துப்போனது. அது டிரைவர் பிழையில்லை. கூடப் படிப்பிக்கிற ரீச்சர் பாமினியில் அடித்துப் பென்ட்ரைவில் கொடுத்தது, இந்தக் கொம்பியூட்டரில் பாமினி எழுத்துரு இல்லை. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டுகிற பழைய எழுத்துரு, அது இல்லாவிட்டால் அடியில் இருக்கிற ஆங்கிலம்தான் தெரியும். போட்டவுடன் தமிழ் வந்துவிட்டது. எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டுகிற யூனிகோட் முறை வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் யாழ்ப்பாணத்து வினாத்தாள்கள் பாமினியை விடுவதாயில்லை.

வெளிக்கிட முதல் அந்த டிரைவர் பைலை ஒரு பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் அப்டேட் வழியாகக் கம்பனிகளின் பிரிண்டர் டிரைவர்களைக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசொஃப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்தது, பழைய மொடல் வைத்திருப்பவர்கள் கையில் ஒன்று வைத்திருப்பது நல்லது. அக்கா பென்ட்ரைவை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சிவப்பு டேப் ஒரு துண்டு வெட்டி வந்து பிரிண்டர் வயரையும் ஓட்டையையும் சேர்த்து ஒட்டினார். மருமகன் இப்போது சார்ஜருக்கு என்னிடம் கேட்கிறான்.