‘நாளில்’ என்பதும் ‘நாளாக’ என்பதும்

சில மாதங்களுக்கு முன் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு மின்னஞ்சலில், நான் ஒரு புத்தகம் வாங்கிய செய்தியை ‘லேட்லி’ என்ற சொல்லைப் போட்டு எழுதியிருந்தேன். அதைப் படித்த நண்பர், பொருள் விளங்கினாலும் காதுக்கு இடறுகிறது என்றும் அங்கே ‘ரீசன்ட்லி’தான் வரவேண்டும் என்றும் சொன்னார். என்னிடமிருந்த அகராதியோ இரண்டுக்கும் ‘அண்மையில்’ என்றே பொருள் தந்திருந்தது.

யோசித்தபோது, விடை தமிழிலேயே இருப்பதைக் கண்டேன். ‘அண்மையில் வீடு வாங்கினேன்’ என்போம். ‘கொஞ்ச நாளாகத் தூக்கம் வருவதில்லை’ என்போம். ஆனால் ‘கொஞ்ச நாளாக வீடு வாங்கினேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ‘இல்’, தொடர்ந்தோ திரும்பத் திரும்பவோ நடப்பதற்கு ‘ஆக’ என்று நாம் பிரிப்பதைப் போலவே, ‘லேட்லி’ பெரும்பாலும் இந்த ‘நாளாக’வின் பக்கம் நிற்கிறது. ‘ரீசன்ட்லி’ இரு பக்கமும் போகும். கேள்வி கேட்கும்போது மட்டும் இந்தக் கணக்கு சற்றுத் தளர்ந்து, ‘அவரை அண்மையில் பார்த்தாயா’ என்பதற்கும் ‘லேட்லி’ இயல்பாகவே வருகிறது.

‘ரீசன்ட்’ எவ்வளவு அண்மை என்பதற்கு அளவே கிடையாது. புதியது என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்த அதனை, 1833இல் நிலவியலாளர் சார்லஸ் லயல் இன்றைய நிலவியல் காலத்துக்கே பெயராக வைத்தார். இப்போது ஹோலோசீன் எனப்படும் அந்தக் காலம் தொடங்கி ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் ஆகின்றன! ‘தி அதர் டே’ இப்படி நீளாது. சில நாட்களுக்கு முன் என்ற அளவில் நின்றுவிடும்.

‘ஜஸ்ட்’ நம்முடைய ‘இப்போதுதான்’. பிரிட்டனில் அதனுடன் ‘ஹேவ்’ சேர்த்துச் சொல்வதே வழக்கம்; அமெரிக்கர்கள் வெறும் இறந்தகால வினையோடும் தாராளமாகச் சொல்கிறார்கள். ‘ஜஸ்ட் நவ்’ என்றால் சற்றுமுன் என்று நம்பியிருப்பவர் தென்னாப்பிரிக்காவில் ஏமாறுவார், ஏனெனில் அங்கே அது பெரும்பாலும் ‘பிறகு பார்க்கலாம்’ என்ற பொருளிலேயே வழங்குகிறது.

நமக்குரிய வழுக்கல்கள் வேறு. ‘நேற்று வந்திருக்கிறார்’ என்பது தமிழில் பிழையற்ற வாக்கியம்; நான் நேரில் பார்க்கவில்லை, வந்த அடையாளத்தைக் கண்டோ பிறர் சொல்லியோ அறிந்தேன் என்ற நுட்பமும் அதில் அடங்கும். அதை அப்படியே ‘ஹேஸ் கம்’ என்று ‘யெஸ்டர்டே’யுடன் இணைத்தால் ஆங்கிலம் ஏற்காது, முடிந்துபோன நாளின் பெயர் வந்துவிட்டால் அங்கே ‘ஹேஸ்’ஸுக்கு இடமில்லை.

அடுத்தது ‘முன்’. பேசும் இந்த நொடியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘அகோ’, கடந்த காலத்தின் வேறொரு புள்ளியிலிருந்து எண்ணினால் ‘பிஃபோர்’ என்று ஆங்கிலம் பிரிக்க, தமிழ் இரண்டையும் ஒரே சொல்லால் முடித்துவிடுவதால், ‘டூ டேஸ் பிஃபோர்’ என்றே கை தன்போக்கில் எழுதிவிடுகிறது. நேற்றும் ஒரு கடிதத்தில் அதை அடித்துத் திருத்தினேன்.