நிறுத்திப் பார்ப்பவர்களின் நாட்குறிப்பு: 'தி சிம்ப்சன்ஸ்' முதலிலிருந்து

நவம்பர் 2, 2025

'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை முதலிலிருந்து பார்க்க உட்காருகிறவர் முதலில் ஒரு பொத்தானை அணைத்தாக வேண்டும். டிஸ்னி பிளஸ்ஸில் தொடரின் பக்கம், அதில் 'டீடெயில்ஸ்' பகுதி, அங்கே 'ரீமாஸ்டர்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ'. அதை அணைத்தால்தான் பழைய எபிசோடுகள் வரைந்தபடியே தெரியும்.

2009 பிப்ரவரி 15-க்கு முன் வந்தவை எல்லாம் பழைய டிவியின் 4:3 சட்டகத்துக்காக வரைந்தவை. அகலத் திரையை நிரப்பத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் மேலும் கீழும் வெட்ட வேண்டும். உயரத்தில் கால்பங்கு போய்விடும். 1080 வரியில் 810 மிஞ்சும். 2019 நவம்பர் 12-இல் அந்தச் சேவை தொடங்கியபோது இப்படித்தான் போட்டார்கள். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கொதித்தது நியாயமா என்று கேட்பவருக்கு 4-ஆம் சீசனின் 'டஃப்லெஸ்' (1993) ஒன்றைக் காட்டினால் போதும். பீர் ஆலையில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டிகள். மூன்றுக்கும் மேலே ஓடுவது ஒரே குழாய். வெட்டிய படத்தில் அந்தக் குழாய் இல்லை. தொட்டிகள் மட்டும் நிற்கின்றன, ஜோக் போய்விட்டது. 4:3 திரும்பி வந்தது 2020 மே 28-இல்.

பொத்தானை அணைத்த பிறகும் டிவி தன் பங்குக்குப் படத்தை இழுக்கலாம். குடும்பத் தலைவர் ஹோமரின் கண்ணைப் பாருங்கள். கதை நடக்கும் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் எல்லோருக்கும் கண் வட்டம். முட்டை மாதிரித் தெரிந்தால் டிவி அகலவாக்கில் இழுக்கிறது என்று அர்த்தம். ரிமோட்டில் பட அளவை மாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தால் சரியாக இருக்கிறது.

நவம்பர் 4

வரிசை பற்றி. ஒளிபரப்பான தேதிப்படி பார்ப்பது வசதிதான். ஆனால் எந்த எபிசோட் யார் பொறுப்பில் உருவானது என்று தெரிய வேண்டுமானால் தயாரிப்புக் குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும். 1-ஆம் சீசன் 7ஜி, அடுத்து 7எஃப், 8எஃப், 9எஃப். பிறகு 5-ஆம் சீசனுக்கு 1எஃப், அப்படியே ஏறி 9-ஆம் சீசனுக்கு 5எஃப். 10-இலிருந்து ஏஏபிஎஃப், பிஏபிஎஃப் என்று எழுத்து வரிசை.

குழப்பம் எங்கே வருகிறது? ஒரு சீசனுக்காகச் செய்ததில் சில எபிசோடுகள் அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போகும். 3-ஆம் சீசனைத் தொடங்கி வைத்த 'ஸ்டார்க் ரேவிங் டேட்' உண்மையில் 7எஃப்24, அதாவது 2-ஆம் சீசனின் மிச்சம். இதைவிடக் காரசாரமான வழக்கு 'தி பிரின்சிபல் அண்ட் தி பாப்பர்'. பள்ளித் தலைமையாசிரியர் ஸ்கின்னர் ஆள்மாறாட்டக்காரர் என்று சொல்லி ரசிகர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட எபிசோட். ஒளிபரப்பு 1997 செப்டம்பர் 28, 9-ஆம் சீசன். 9-ஆம் சீசனிலிருந்து பொறுப்பேற்றவர் மைக் ஸ்கலி என்பதால் பழி அவர் தலையில் விழுகிறது. குறியீட்டைப் பாருங்கள்: 4எஃப்23. முந்தைய இரண்டு சீசன்களை நடத்திய பில் ஓக்லி, ஜாஷ் வைன்ஸ்டைன் இணையின் சரக்கு அது. ஸ்கலியைத் திட்டுவதற்கு வேறு எபிசோடுகள் உண்டு, இது கணக்கில் சேராது.

'ஸ்டார்க் ரேவிங் டேட்' 2019 மார்ச்சில் விலக்கப்பட்டது. அதில் மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்திருந்ததுதான் காரணம். ஸ்ட்ரீமிங்கில் தேடிக் களைக்க வேண்டாம். 2003-இல் வந்த 3-ஆம் சீசன் டிவிடி பெட்டியில் இருக்கிறது. டிவிடியிலிருந்து பிரதி எடுத்து வைப்பவர்கள் கோப்புக்கு வெறும் வரிசை எண் தராமல் குறியீட்டையே பெயராக வைப்பது நல்லது. இல்லாவிட்டால் இந்த ஒரு எபிசோடால் 3-ஆம் சீசன் முழுக்க எண் ஒன்று தள்ளிப்போகும்.

நவம்பர் 8

முதல் சீசன் பார்ப்பவருக்கு மூன்று அதிர்ச்சிகள். ஹோமரின் குரல் இன்னும் கரகரவென்று அடித்தொண்டையில் இருக்கும். டான் காஸ்டெலனெட்டா இன்றைய குரலுக்கு வந்து சேரச் சில காலம் பிடித்தது. 'ஹோமர்ஸ் ஒடிசி'யில் முதலாளியின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் கறுப்பினத்தவராக வருவார். அது வண்ணம் தீட்டியதில் நேர்ந்த பிழை, கதையில் அதற்குக் காரணம் தேட வேண்டாம். மூன்றாவது, சீசனின் கடைசி எபிசோடான 'சம் என்சான்டட் ஈவ்னிங்' திடீரென்று பின்னோக்கிப் போனது போல் இருக்கும். அதுதான் முதலில் செய்தது, குறியீடு 7ஜி01. கொரியாவிலிருந்து திரும்பி வந்த படம் ரப்பர் பொம்மை மாதிரி நெளிந்ததால் ஏறத்தாழ 70 சதவீதம் மறுபடி செய்தார்கள். ஆகவே 1990 மே 13 வரை காத்திருந்தது. எட்டாவதாகச் செய்த கிறிஸ்துமஸ் எபிசோட் 1989 டிசம்பர் 17-இல் முந்திக்கொண்டது.

நவம்பர் 9

தொடக்கக் காட்சி. கடையில் கைக்குழந்தை மேகியை ஸ்கேனரில் இழுக்கும் இடத்தில் பாஸ் போடுங்கள். 1995-இன் '138-ஆவது எபிசோட்' தொகுப்பில், கல்லா எந்திரத்தில் துப்பாக்கிச் சங்கத்தை வாழ்த்தும் வாசகம் வருவதாகச் சொல்வார்கள். அது அந்தத் தொகுப்பின் குறும்பு. நிறுத்திப் பார்த்தால் தெரிவது 847.63 டாலர், அன்று அமெரிக்காவில் ஒரு குழந்தையை வளர்க்க மாதம் ஆகும் செலவாகச் சொல்லப்பட்ட தொகை. 2009-இல் தொடக்கத்தைப் புதிதாக வரைந்தபோது எண் மாறிவிட்டது: மேகியோடு சேர்த்து 243.26 இரட்டித்து 486.52 ஆகும்.

மகன் பார்ட் பள்ளியில் தண்டனையாக எழுதும் கரும்பலகை வாசகமும், குடும்பம் வந்து உட்காரும் சோபா காட்சியும் வாரா வாரம் மாறுவது எல்லோருக்கும் தெரியும். சோபா காட்சி எபிசோடின் நீளத்தைச் சரிக்கட்டும் கருவியும்கூட என்பது பலர் கவனிக்காதது. கதை நீண்டால் தொடக்கத்தில் கத்தரி விழும்; கதை குட்டையானால் சோபா நீளும். குடும்பம் வரிசையாகக் காலைத் தூக்கி ஆட, நடனப் பெண்கள், யானை, சர்க்கஸ் என்று போய்க்கொண்டே இருக்கும் நெடும் சோபா காட்சியை 'லிசாஸ் ஃபர்ஸ்ட் வேர்ட்' (1992) தொடக்கத்தில் பார்க்கலாம்.

கரும்பலகை எப்போதும் மேலிருந்து கீழ்வரை நிரம்பியிருக்கும். ஆசிரியை எட்னா கிரபாப்பலுக்குக் குரல் தந்த மார்சியா வாலஸ் 2013 அக்டோபர் 25-இல் இறந்தார். நவம்பர் 3 எபிசோடில் பார்ட் எழுதியது ஒரே ஒரு வரி.

நவம்பர் 10

தொடக்க இசை டேனி எல்ஃப்மன். அதன் சுரவரிசையை மேற்கத்திய இசைக்காரர்கள் லிடியன் டாமினன்ட் என்பார்கள். சுரம் சுரமாக வைத்துப் பார்த்தால் ஸ, ரி2, க3, ம2, ப, த2, நி2. நம் கணக்கில் 64-ஆவது மேளம், வாசஸ்பதி. கோரஸ் நிகழ்ச்சியின் பெயரைப் பாடும் மூன்று சுரம் ஸ–ம–ப. அடுத்து வரும் மெட்டு ஸ க ம த ப க ஸ என்று ஏறி இறங்கி, கீழே மந்திரத்தில் த ம ம ம ப.

கீபோர்டில் வாசிப்பவர் தவறுவது இரண்டு இடத்தில். ம1 போட்டால் ஹரிகாம்போதியாகிச் சாதுவாகிவிடும்; அந்தக் கோணல் சிரிப்பு முழுவதும் ம2-வில்தான் இருக்கிறது. நி3 போட்டால் கல்யாணி. கல்யாணிக்கு இந்தக் குடும்பம் தகாது.

நவம்பர் 15

பார்ப்பவர்கள் வீட்டில் விசிஆர் (வீடியோ கேசட் கருவி) வந்துவிட்டது என்று தெரிந்தே இந்தத் தொடரின் எழுத்தாளர்கள் எழுதினார்கள். ஒரு நொடி மட்டும் தெரியும் கடைப் பலகை, பத்திரிகைத் தலைப்பு, எல்லாமே நிறுத்திப் பார்க்கிறவருக்கு விட்ட தூது. உச்சம் 'ஹோமர் பேட்மேன்' (1994). 'ராக் பாட்டம்' என்ற மஞ்சள் செய்தி நிகழ்ச்சி தான் சொன்ன தவறுகளுக்குத் திருத்தப் பட்டியலை ஓடவிடும். ஓடுகிற வேகத்தில் கண்ணுக்கு ஒன்றும் சிக்காது. நிறுத்தினால், ஸ்டைரோஃபோம் பூனைக்குட்டியில் செய்வதில்லை என்கிறது ஒரு திருத்தம். பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸின் மூத்த மகன் டாட், ராட் அல்ல என்கிறது இன்னொன்று. இதைப் படிக்கிறவருக்கு வேறு பிழைப்பில்லை என்றும் ஒரு வரி உண்டு. கடைசி வரியில் எழுதுகிறவர்களுக்கும் பிழைப்பில்லை என்று சமன் செய்துவிடுவார்கள்.

படிக்கும் முறை: டிவிடியைக் கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டு, பட்டியல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, 'இ' விசையை ஒவ்வொன்றாக அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். எழுத்தின் ஓரம் சீப்புப் பல் மாதிரிப் பிரிந்து தெரிந்தால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை அமெரிக்க டிவிக்காக 30-ஆகப் பரப்பியதில், ஐந்து ஃபிரேமுக்கு இரண்டு இப்படிக் கலவையாக வரும். இன்னும் ஒன்றிரண்டு முறை அழுத்தினால் சுத்தமான ஃபிரேம் கிடைக்கும். 'டி' விசை இந்தப் பிரிவைச் சீராக்கும் டீஇன்டர்லேசை இயக்கும், அதுவும் உதவும். ஆனால் மெல்லிய எழுத்தைக் கொஞ்சம் மழுங்கடிக்கும், ஆகவே பட்டியல் படிக்கும்போது அணைத்து வைப்பதே மேல்.

நவம்பர் 16

'கேப் ஃபியர்' (1993). பார்ட்டைக் கொல்ல வரும் சைட்ஷோ பாப் தரையில் கிடக்கும் குப்பை வாரியை மிதித்து, அதன் கைப்பிடி எழும்பி முகத்தில் அடிபடுவது ஒன்பது முறை. எபிசோட் நேரம் போதாமல் குறைந்ததால் நீட்டினார்கள். மூன்றாவதில் சிரிப்பு குறையும், ஐந்தாவதில் எரிச்சல் வரும், ஏழாவதில் மறுபடி சிரிப்பு பீறிடும். ஓட்டிவிட்டுப் பார்ப்பவருக்கு இது கிடைக்காது.

நவம்பர் 19

கணக்கு. 'தி விசார்ட் ஆஃப் எவர்கிரீன் டெரஸ்' (1998) எபிசோடில் ஹோமர் பலகையில் எழுதும் இரண்டாவது வரி: 3987-இன் 12-ஆம் அடுக்கும் 4365-இன் 12-ஆம் அடுக்கும் சேர்ந்தால் 4472-இன் 12-ஆம் அடுக்கு. உண்மையானால், இரண்டுக்கு மேற்பட்ட அடுக்கில் முழு எண்கள் இப்படிச் சமன்படாது என்னும் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் சரிந்துவிடும். பத்து இலக்கக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: இடப்பக்கம் 6.397665635 பெருக்கல் 10-இன் 43-ஆம் அடுக்கு, வலப்பக்கமும் அதே. இரண்டு எண்ணுக்கும் முதல் பத்து இலக்கம் ஒன்று, பதினோராவதில்தான் பிரிகின்றன. சமன்பாட்டைத் தேடிப் பிடிக்கக் கணினி நிரல் எழுதியவர் எழுத்தாளர் டேவிட் எக்ஸ். கோஹன்.

கால்குலேட்டர் இல்லாமலும் பொய்யைப் பிடிக்கலாம். 3987-இன் இலக்கக் கூட்டு 27, 4365-க்கு 18; இரண்டும் 3-ஆல் வகுபடும், எனவே இடப்பக்கம் 3-ஆல் வகுபடும். 4472-க்குக் கூட்டு 17. வகுபடாது. முடிந்தது. 1995-இன் ஹாலோவீன் எபிசோடில் ஹோமர் முப்பரிமாண உலகுக்குள் விழும்போது பின்னால் மிதக்கும், 1782, 1841 இரண்டின் 12-ஆம் அடுக்கும் சேர்ந்தால் 1922-இன் 12-ஆம் அடுக்கு என்னும் வரி இன்னும் எளிது: இரட்டையும் ஒற்றையும் கூடினால் ஒற்றைதான் வரும், 1922 இரட்டை. முதல் முறை இந்த ஓட்டை இருந்ததாலோ என்னவோ, இரண்டாவது முறை ஒற்றை–இரட்டைச் சோதனையில் தப்பிக்கும் எண்களாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள்.

2006-இன் 'மார்ஜ் அண்ட் ஹோமர் டர்ன் எ கப்பிள் ப்ளே'யில் மைதானத் திரை பார்வையாளர் எண்ணிக்கையை ஊகிக்கச் சொல்லும்: 8191, 8128, 8208. முதலாவது 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்த பகா எண். அடுத்தது நிறைவெண், தன்னை விட்டு மற்ற வகுஎண்களைக் கூட்டினால் தானே வரும். மூன்றாவதின் இலக்கங்களை 4-ஆம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் 4096 + 16 + 0 + 4096, மறுபடி 8208.

நவம்பர் 23

ஹோமர் எரிச்சலில் கத்தும் 'டோ!' திரைக்கதைத் தாளில் அப்படி எழுதப்படுவதில்லை. 'எரிச்சலான முனகல்' என்ற பொருளில் ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். காஸ்டெலனெட்டா அதைப் பழைய லாரல்–ஹார்டி படங்களின் ஜேம்ஸ் ஃபின்லேசனிடமிருந்து எடுத்தார். ஃபின்லேசன் இழுத்துச் சொல்வார், உருவாக்கியவர் மேட் கிரேனிங் அதைச் சுருக்கச் சொன்னார். 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஏறியது. மிமிக்ரி செய்பவர்கள் கெடுப்பது நீளத்தில்தான். பட்டென்று தொண்டையில் வெட்ட வேண்டும்.

வரைபவர்களுக்கு: கண்ணிலிருந்து தொடங்குங்கள். ஒரே அளவில் இரண்டு வட்டம், அருகிலுள்ளது முழுதாக, தள்ளியிருப்பது அதன் பின்னால் மறைந்து. மூக்கு குட்டைக் குழாய். கண்பாப்பா சின்னப் புள்ளி. பெரிதாக வைத்தால் வேறு கார்ட்டூன் ஆகிவிடும். மேலுதடு கீழுதட்டைத் தாண்டி நீள வேண்டும். ஹோமரின் காதோர முடி 'எம்', காது 'ஜி', கிரேனிங்கின் தலைப்பெழுத்துகள். பார்ட்டுக்கு முடிக்கூர் ஒன்பது. நெற்றிக்கும் முடிக்கும் நடுவே கோடு போடாதீர்கள். அந்தக் கோடு இல்லாததால்தான் தோலும் முடியும் சேர்ந்து நிற்கும் மஞ்சள் தேவைப்பட்டது. கைக்கு நான்கு விரல். ஐந்து விரல் கடவுளுக்கு மட்டும்.

நவம்பர் 29

செல் (கார்ட்டூனுக்காக வண்ணம் தீட்டிய ஒளிபுகும் தாள்) சேகரிப்பவர்களுக்கு. 2002-இல் தொடங்கிய 14-ஆம் சீசனில் வண்ணம் நிரந்தரமாகக் கணினிக்கு மாறியது. அதற்குப் பிந்தைய எபிசோடின் 'அசல் செல்' என்று யாராவது நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுங்கள். முந்தையவற்றிலும் கேமராவுக்குக் கீழே வைத்த செல் வேறு, விற்பனைக்காகவே பட்டுத்திரையில் அச்சிட்ட செரிசெல் வேறு. திருப்பிப் பாருங்கள். படப்பிடிப்புச் செல்லில் பெயின்ட் பின்பக்கம் கையால் பூசியது. ஓரத்தில் தடிமன் ஏறி இறங்கும், அங்கங்கே தூரிகைத் தடம் தெரியும். செரிசெல்லில் மை ஒரே மட்டமாக இருக்கும். அடியில் செல்லைப் பொருத்துவதற்கான துளைகளை மட்டும் நம்ப வேண்டாம், துளை யாரும் போடலாம்.

பின்னணித் தாளோடு ஒட்டிக்கொண்ட செல்லை உரிக்காதீர்கள், பெயின்ட் தாளோடு போய்விடும். கண்ணாடி செல்லில் படாமல் நடுவே அட்டைச் சட்டம் வைத்துச் சட்டமிடுங்கள். வெயில் கூடாது. செல் அசிட்டேட் என்பதால் ஈரமும் வெப்பமும் அதைச் சிதைக்கும். சுருக்கம் விழும், பெயின்ட் பெயரும், வினிகர் வாடை வரும். வாடை வந்ததை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்த ஆவி பக்கத்தில் இருப்பவற்றையும் அரிக்கும்.