உளவியலாளர் அறையில் நடப்பது என்ன?

முதல் சந்திப்பில் உளவியலாளர் அதிகம் பேசமாட்டார். கேட்பார், குறித்துக்கொள்வார், மறுபடியும் கேட்பார். பிரச்சினை எப்போது ஆரம்பித்தது, எந்த நேரத்தில் கூடுகிறது, தூக்கம் எப்படி, பசி எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். "மனசு சரியில்லைன்னு வந்தா, தூக்கத்தையும் பசியையும் கேட்டுக்கிட்டு இருக்காரே" என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விகள்தான் இந்த வேலைக்கு அஸ்திவாரம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு, மந்தம், எதிலும் நாட்டமின்மை எல்லாம் வரும்; பார்க்க மனச்சோர்வு போலவே இருக்கும். அதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் நகராது. சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் அனுப்பி ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வதுதான் முறை.

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதித் தருவார். உளவியலாளர் படிப்பது உளவியல். பெரும்பாலான நாடுகளில் அவர் மருந்து எழுத முடியாது. சிக்கல் கடுமையாக இருந்தால் இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள். எல்லா உளவியலாளரும் சிகிச்சை தருபவர் இல்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஜெர்மன் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கியபோது அங்கே அளந்தது புலன் உணர்வையும் எதிர்வினை நேரத்தையும்தான். சிக்கலோடு வருபவர்களைப் பார்க்க, அமெரிக்க உளவியலாளர் லைட்னர் விட்மர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உளவியல் கிளினிக் திறந்தது அதற்குப் பிறகு, 1896-இல். முதலில் அவரிடம் வந்தவன், எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு பள்ளிச் சிறுவன்.

சோதனை செய்வதில்தான் பயிற்சியின் அருமை தெரியும். வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையில் சராசரி 100, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு) 15. கையேட்டில் உள்ள வாக்கியத்தை அப்படியே சொல்ல வேண்டும். திணறும் குழந்தையைப் பார்த்து இரக்கப்பட்டு "முதல் வரியை இன்னொரு தடவை பாரு" என்று கூடுதலாக ஒரு வார்த்தை சொன்னாலும் போச்சு. அந்த மதிப்பெண்ணை மற்ற குழந்தைகளோடு ஒப்பிட முடியாது. தூங்காமல் வந்த குழந்தை, கண்ணாடியை மறந்து வந்த குழந்தை, வீட்டில் பேசாத மொழியில் சோதிக்கப்பட்ட குழந்தை எல்லாருக்கும் எண் குறைவாக வரலாம். சில மாதத்துக்குள் அதே சோதனையைத் திரும்ப வைத்தால் பழக்கத்தினாலேயே எண் ஏறும். இந்தச் சூழல் எதையும் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டுத் தரும் அறிக்கையை நான் நல்ல அறிக்கை என்று சொல்லமாட்டேன்.

மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பி.எச்.க்யூ-9 (PHQ-9) வினாத்தாளும் அப்படித்தான், எண் மட்டும் போதாது. கடந்த 2 வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. 10-ஐத் தொட்டால் மேலும் விசாரிக்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளில்லை. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்பது. அதில் 1 விழுந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே நேருக்கு நேர் கேட்டாக வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை.

சிகிச்சைக்கு ஓர் உதாரணம், லிஃப்ட் பயம். பயம் தரும் சூழ்நிலைகளை 0 முதல் 100 வரை வரிசைப்படுத்துவார்கள். கதவருகே நிற்பது 30, ஒரு மாடி போவது 50, தனியாகப் பத்து மாடி 95 என்று வரும். தாங்கக்கூடிய படியில் தொடங்கி, பயந்தது நடக்கவில்லை என்பதை மனம் உணரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்தால், தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்று மனம் பதிந்துகொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் கூடும். போனை இறுகப் பிடித்துக்கொண்டோ, துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டோ போவதும் இதே கெடுதலைச் செய்யும். ஒரு அமர்வு 45 முதல் 50 நிமிடம், பெரும்பாலும் வாரம் ஒரு முறை. மீதி நாட்களில் வீட்டில் பயிற்சி செய்யாதவருக்கு முன்னேற்றம் மந்தமாகவே இருக்கும்.

நீங்கள் உளவியலாளரிடம் சொன்னது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. இதை முதல் நாளே அவர் விளக்கிவிட வேண்டும். விளக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். கூடவே அவருடைய பட்டம், பதிவு, எந்த முறையில் சிகிச்சை தருகிறார், எத்தனை வாரம் கழித்து முன்னேற்றத்தை அளந்து பார்ப்பார் என்பதையும் கேளுங்கள்.