வரைந்து பார்த்தால் பறவை பிடிபடுகிறது: நேலப்பட்டு, பழவேற்காடு அனுபவம்

ஆந்திராவில் சூலூர்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பூநாரை (ஃபிளமிங்கோ) புதிதல்ல. இங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. மார்கழி, தை மாதங்களில் பஸ் ஜன்னலிலிருந்தே இரண்டு பக்கமும் கூட்டம் கூட்டமாகத் தெரியும். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குளிர்காலத்தில் பறவைக் குழு ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்த பிறகுதான் இறங்கி நின்று பார்க்க ஆரம்பித்தேன். பறவைகளை எண்ணுவது, குப்பை பொறுக்குவது, பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் வரைவது என்று மூன்று வேலைகள். இதுவரை எது கைவந்தது, எது இன்னும் வரவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஒரு ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே அளவை நகர்த்தி நகர்த்தி நூறு வரை கொண்டுபோய், பிறகு நூறு நூறாகக் கூட்டத்தின் மறுமுனை வரை போக வேண்டும். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலகியும் நிற்கும் என்பதால் இடத்துக்கு இடம் அளவை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுக்கொள்வது எங்கள் குழுவின் வழக்கம். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு 2015-இல் தொடங்கியது. அதில் சேரப் பெரிய அனுபவம் எதுவும் வேண்டாம். கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, பார்த்தவற்றை இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும்.

அடையாளம் காண்பதில்தான் ரொம்ப நாள் தடுமாற்றம் இருந்தது. புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பறவையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பென்சிலைக் கையில் எடுத்த பிறகுதான் அது மாறியது. ஒரு கோடு போட வேண்டுமென்றால் கழுத்து எங்கே தொடங்குகிறது, அலகு எந்த இடத்தில் வளைகிறது என்று பார்த்தே தீர வேண்டும். பூநாரையின் காலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பின்பக்கமாக மடிகிறதே, அது முழங்கால் அல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே உடம்பை ஒட்டி இறகுக்குள் மறைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டதும் நிற்கும் பறவையின் எடை காலில் எப்படி இறங்குகிறது என்பது படத்தில் தானாக வந்தது.

நிறமும் அப்படித்தான். பிள்ளைகள் எல்லாரும் முதலில் ரோஸ் கலரைத்தான் தேடுவார்கள். இங்கே வரும் பெரிய பூநாரை ஏறக்குறைய வெள்ளைதான். இறக்கையை விரிக்கும்போதுதான் சிவப்பும் கருப்பும் பளிச்சென்று தெரியும். இளம் பறவை சாம்பல் நிறமாக இருக்கும். பாசியிலும் சிறு இறால் வகை உயிர்களிலும் உள்ள நிறமிகள் உடம்பில் சேரச் சேரத்தான் அந்தச் சிவப்பு ஏறுகிறது. அதனால் உடம்புக்குத் தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் தண்ணீருக்கு மட்டும் நிறம் கொடுக்கச் சொல்கிறேன். உப்புக் காற்றிலும் வெயிலிலும் வாட்டர் கலர் சட்டென்று காய்ந்துவிடும். சின்ன நோட்டு, கிளிப் வைத்த அட்டை, 4பி பென்சில், தண்ணீர் நிரப்பும் பிரஷ் பேனா ஆகியவை போதும். காலையில் சாலையோரம் வடக்கே பார்த்து உட்கார்ந்தால் வெயில் கண்ணில் அடிக்காது.

ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பூநாரையின் அலகை முன்னால் நீட்டி வரைந்திருந்தாள். நான் திருத்தவில்லை, ஸ்கோப்பில் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, அது தலைகீழா வச்சு சாப்பிடுது" என்றாள். பிறகு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, தலையை மட்டும் புதிதாக வரைந்தாள். மேல் அலகு கீழே, கீழ் அலகு மேலே. அந்தப் பறவை மேய்வது அப்படித்தான். காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகுக்குள் இருக்கும் சல்லடையில் இரை தங்கிவிடுகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பரீட்சையோடு மறந்துவிடுவார்கள். அவள் மறக்க மாட்டாள் என்று நம்புகிறேன். பைனாகுலரோடு பென்சிலையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று குழுவில் நான் விடாமல் சொல்லிவருவது இதனால்தான்.

நேலப்பட்டு வேறு மாதிரி இடம். சூலூர்பேட்டைக்கு வடக்கே, தொரவாரி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின் உச்சியில் கூழைக்கடாக்கள் (பெலிகன்) கூடு கட்டுகின்றன. எச்சம் பட்டு மரமே வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறியதும் கூழைக்கடா வாயைத் திறந்து தொண்டைப் பையைப் படபடவென்று அடித்துக்கொள்ளும், சூட்டைத் தணித்துக்கொள்ள. மேல் அலகின் ஓரத்தில் வரிசையாகப் புள்ளிகள், பிடரியில் கலைந்த மயிர். பறவை அசையாமல் உட்கார்ந்திருப்பதால் வரையக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது.

அங்கே குப்பை பொறுக்கும் வேலையைச் சத்தமில்லாமல் செய்ய வேண்டும். நடைபாதையில் கிடக்கும் தின்பண்ட உறை, தண்ணீர் பாட்டில், அப்புறம் நைலான் வலைத் துண்டுகள். வலைத் துண்டு காலில் சுற்றினால் பறவையால் விடுபட முடியாது, ஆகவே அதைத்தான் முதலில் எடுக்கிறோம். கத்திப் பேசினால் கூட்டிலிருந்து பெரிய பறவை எழுந்துவிடும். குஞ்சு வெயிலில் காயும், காகமும் காத்திருக்கும்.

பழவேற்காட்டில் எனக்குத் தாங்க முடியாத ஒன்று உண்டு. பூநாரை பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகப் படகைக் கூட்டத்துக்குள் விடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அது மேய்ந்து சேர்த்த தெம்பு வீணாகிறது. போன தடவை படகுக்கார அண்ணனிடம், "அண்ணே, இங்கேயே நிறுத்திடுங்க" என்றேன். இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியை ஊன்றினார். "அதுவும் சரிதாம்மா, அது மேயற நேரம்" என்றார். ஏரி பல இடங்களில் ஆழமே இல்லாதது, கழி போதும். சற்று நேரத்தில் கூட்டம் எங்களைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டே பக்கத்தில் வந்தது. பறப்பதை எடுக்க வந்தவரும் அன்று மேய்வதைத்தான் எடுத்துப் போனார்.

இன்னும் கைவராதவை கரையோரச் சின்னப் பறவைகள். உப்புக்கொத்திகள் ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும். கொசு உள்ளான் நிற்காமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். நடையை வைத்து இரண்டையும் பிரிக்க முடிகிறது. தாளில் கொண்டுவர முடியவில்லை, அவ்வளவு வேகம். முழு உருவத்தை விட்டுவிட்டு, முதுகுக் கோட்டையும் அலகின் சாய்வையும் மட்டும் ஒரே பக்கத்தில் பல தடவை போட்டுப் பழகிவருகிறேன். இதற்கு ஸ்கோப் வேண்டும், குழுவில் ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பில் விடியற்காலையில் அதை எனக்குத் தரும்படி கேட்டு வைத்திருக்கிறேன்.