சிவப்புக் கண்காட்சிக்குப் படம் அனுப்புமுன்

‘சிவப்பு’ என்று ஒரே நிறத்தைத் தலைப்பாக வைத்து, நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் கண்காட்சி ஒன்றைக் கொழும்பில் அறிவித்தால், வந்து குவியும் படங்களில் பலவற்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், செம்பருத்தி, குங்குமப் பொட்டு, கூறைச்சேலை, சொட்டும் இரத்தம். இவற்றை வரையக்கூடாது என்றில்லை. ஆனால் முதற்சுற்றில் நடுவர்கள் ஒரு படத்துக்குக் கொடுப்பது சில நொடிகள்தான். திரையில் வருவதெல்லாம் சிவப்பாயிருக்கும்போது சிவப்பால் எந்தப் படமும் தனித்துத் தெரியாது. அங்கே வேலை செய்வது ஒளியும் இருளும்.

இதைச் சோதிப்பது சுலபம். வரைந்த படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். டியூபிலிருந்து அப்படியே வரும் கட்மியம் சிவப்பும், ஒரு நடுத்தரப் பச்சையும் அதில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். முழுப் படமும் அப்படி ஒரே சாம்பலாய்க் கிடந்தால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது வெறும் சிவப்புப் பலகை. வெளிச்சம் கூட்ட வெள்ளை சேர்த்தால் சிவப்பு ரோஸ் ஆகிக் குளிர்ந்துபோகும். கொஞ்சம் செம்மஞ்சள் சேர்த்தால் சூடு குறையாது. இருட்டுக்குக் கறுப்பைக் கலந்தால் நிறம் செத்துவிடும். அதற்குக் குயினாக்ரிடோன் சிவப்பில் துளி தாலோ பச்சை போதும், நிறம் சாகாத ஆழமான இருள் கிடைக்கும். கண்டிக் காலத்து விகாரை ஓவியர்கள் வேறு வழி பிடித்தார்கள். கண்டிக்குப் பக்கத்துத் தெகல்தொருவைக் குகை விகாரையில் பின்னணி முழுக்கச் சிவப்பு. அதன்மேல் வெளிர் உருவங்கள், இடைவெளிகளில் பூக்கள். சிவப்பைச் சுவராக வைத்துக்கொண்டு கதையை மற்ற நிறங்களிடம் விட்டுவிட்டார்கள்.

டியூபில் எழுதியிருக்கும் பெயரை நம்பவேண்டாம், பின்பக்கத்து நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிஆர் (PR) 108 என்றால் அசல் கட்மியம். பெயருக்குப் பின்னால் ‘ஹியூ’ என்று இருந்தால் அது மலிவான மாற்று நிறமி. பிஆர் 83 என்பது அலிசரின் கிரிம்சன். மெல்லிய பூச்சாகவோ வெள்ளையுடன் கலந்தோ போட்டால் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் என்பது பழைய செய்தி, இருந்தும் இன்னும் விற்கிறார்கள், வாங்குகிறோம். அதே சாயலுக்குக் குயினாக்ரிடோன் நிறமியான பிவி (PV) 19 எடுங்கள். செங்காவி பிஆர் 101 எதற்கும் அசையாது, விலையும் குறைவு. கட்மியம் பூசிய இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நஞ்சு.

நல்ல படங்கள் அதிகம் அடிபடுவது புகைப்படத்தில்தான். கமெரா நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துப் பதியும், இப்படங்களில் சிவப்பு மற்ற இரண்டுக்கும் முன்னரே நிரம்பிவிடும். தூரிகைத் தடமெல்லாம் அழிந்து ஒரே சிவப்புப் பரப்பாகத் தெரியும். கமெராவின் வெளிச்ச அளவை முக்கால் ஸ்டொப் (வெளிச்சத்தை அளக்கும் படி) வரை குறைத்து எடுங்கள். கமெராத் திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பார்ப்பதென்றால் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டுவதைப் பாருங்கள், பொது வரைபடம் இதை மறைத்துவிடும். தானியங்கி வெள்ளைச் சமநிலையையும் அணைத்துவிடுங்கள். முழுச் சிவப்பைக் கண்டால் அது ஏதோ கோளாறு என்று நினைத்து நீலத்தைக் கூட்டும். படத்தின் பக்கத்தில் சாம்பல் அட்டை ஒன்றை வைத்து அதைக்கொண்டு சரிசெய்யுங்கள். இன்னொன்று: நம் பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை. அதன் விறாந்தையில் நிறுத்தி எடுத்தால் படத்தின் கீழ்ப்பாதிக்கு இல்லாத சிவப்பு ஏறும். தரையில் வெள்ளை பெட்ஷீட் விரித்தால் போதும். கோப்பை எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற, திரைகளுக்குப் பொதுவான நிற முறையில் சேமியுங்கள், வேறு முறையில் அனுப்பினால் நடுவரின் திரையில் நிறம் மங்கலாம்.

தேர்வான பிறகு வெளிச்சம். கொழும்பின் லயனல் வென்டோ ஜே.டி.ஏ. பெரேராவோ, எந்தக் கண்காட்சிக் கூடமானாலும் மாட்டுவதற்கு முன் மின்குமிழைப் பாருங்கள். நிறத்தரம் (CRI) என்று பெட்டியில் போடும் எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பை அளக்கும் ஆர் 9 அதில் சேராது. தரம் 80 என்றிருக்கும் மலிவான எல்ஈடியில் ஆர் 9 பூச்சியத்துக்குப் பக்கத்தில்கூட இருக்கும், அதன் கீழ் கட்மியம் செங்கல்லாகிவிடும். தரம் 90க்கு மேல், ஆர் 9 ஐம்பதுக்கு மேல், ஒளியின் நிறம் 3000 கெல்வின் (இதமான மஞ்சள் சாயல்) என்று இருக்கட்டும். ஏற்பாட்டாளர்கள் பணத்தை அலங்காரத்தில் போடாமல் இதில் போட்டால் நல்லது.

மாட்டும்போது படத்தின் நடு, தரையிலிருந்து 150 சென்ரிமீற்றர் அளவில் வரட்டும். பளிச்சென்ற சிவப்பின் பக்கத்தில் காவிச் சிவப்பை மாட்டினால் காவி அழுக்காகத் தெரியும். பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரல் 1839இல் நூலாகவே எழுதிவைத்த விதி இது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோட்டோவியம் அல்லது வெறுஞ்சுவர் வையுங்கள். சிவப்பை உற்றுப் பார்த்த கண்ணுக்கு வெள்ளைச் சுவர் சற்றுப் பச்சையாகத் தெரியும், எனவே வெளிர் நீர்வண்ணப் படங்களை வாசலுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுவது நல்லது.

கொழும்பின் ஈரக்காற்றில் அக்ரிலிக் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் பிசுபிசுப்பு விடாது. குமிழி பிளாஸ்டிக்கை நேரே சுற்றினால் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும். முதலில் கேக் வெதுப்பப் பயன்படும் சிலிக்கோன் பூசிய தாள், அதன்மேல்தான் குமிழி. மழை நாளில் வார்னிஷ் அடிக்காதீர்கள், அடர்சிவப்பின்மேல் வெள்ளை மூட்டம் படியும், வேறெந்த நிறத்தையும்விட இதில் பளிச்சென்று தெரியும். பின்புறக் கொக்கிகள் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். அளவு எழுதும்போது பிரேமையும் சேர்த்து எழுதுங்கள். அருவப் படமென்றால் மேல்பக்கம் எது என்று பெரிய அம்புக்குறி போடுங்கள். முழுச்சிவப்புப் படங்கள் தலைகீழாகத் தொங்குவது நடக்கவே நடக்கும்.