அறுவை அரங்கிலிருந்து கண்காணிப்பாளர் அறைக்கு

பதினான்கு ஆண்டுகள் அறுவை சிகிச்சை நிபுணராகப் பணியாற்றிய பின் மருத்துவக் கண்காணிப்பாளர் பொறுப்பை ஏற்றேன். விண்ணப்பம், நேர்காணல், நியமன ஆணை எல்லாம் மூன்றே மாதங்களில் முடிந்துவிட்டதால் அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடினமான பகுதி அதற்குப் பின்புதான் தொடங்கியது.

அப்போது அவசர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் படுக்கைக்காக மணிக்கணக்கில் ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார்கள். கூடுதல் படுக்கைகள் வேண்டுமெனத் துறைத் தலைவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு நானும் அப்படிக் கேட்டவன்தான். கையெழுத்திடுவதற்கு முன், ஒரே ஒரு டிஸ்சார்ஜ் தாளின் பின்னால் ஒரு நாள் முழுவதும் நடந்து பார்த்தேன். காலை 8.30 மணி ரவுண்ட்ஸில் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்ட முதியவர் ஒருவர், மாலை 5 மணிக்குப் பிறகுதான் வார்டை விட்டுக் கிளம்பினார். டிஸ்சார்ஜ் சுருக்கம் எழுத வேண்டிய பயிற்சி மருத்துவர் அறுவை அரங்கில் இருந்தார். மீந்த மருந்துகளைத் திரும்பப் பெற வேண்டிய மருந்தகம் அவசரச் சீட்டுகளில் மூழ்கியிருந்தது. அந்தக் கணக்கு வராமல் பில் போட முடியாது என்றார்கள். யாரும் சும்மா இருக்கவில்லை. பெரியவர் மட்டும் காலையிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு, மடியில் பையை வைத்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சுருக்கத்தையும் மருந்துக் கணக்கையும் முந்தைய நாள் மாலையே தயாராக வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்த பிறகு, ஒரு படுக்கைகூடச் சேர்க்காமலே காத்திருப்பு குறையத் தொடங்கியது.

மனிதர்களோடு பழகும் முறையை மாற்றிக்கொள்வது இதைவிடச் சிரமமாக இருந்தது. அறுவைக்கு முன்னும் பின்னும் குழுவினர் வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்ச அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை எங்கள் அரங்குகளில் பலர் பெயருக்கு நிரப்பி வந்தார்கள். எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததை, 2009இல் வெளியான ஆய்வைக் காட்டி ஒரு கூட்டத்தில் விளக்கினேன். எனக்கு ஆசிரியராக இருந்த மூத்தவர், “என்னிடம் கத்தி பிடிக்கக் கற்றவன் நீ” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் எனக்கு இருந்தது. ஆயினும் அதைப் பயன்படுத்தாமல், மறுவாரம் அவருடைய அரங்கிலேயே உதவியாளராக நின்று, பட்டியலை அவரே வாசிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டிய இடம் வந்தபோது, ஆறு ஆண்டுகளாக அவருக்குக் கருவி எடுத்துக் கொடுத்து வந்த செவிலியரின் பெயரை அவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். சற்று நேரம் பேசாமல் நின்றவர், பிறகு அந்தப் பெயரைச் சொல்லியே அவரை அழைத்தார். அதற்குப் பின் அவருடைய அரங்கில் பட்டியல் ஒருநாளும் தவறவில்லை.

இந்தப் பொறுப்புக்கு வர நினைக்கும் மருத்துவர்கள் நிதியறிக்கையைப் படிக்க முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அழுத்தமாகச் சொல்வேன். அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவமனையான மேயோ கிளினிக்கில் மருத்துவர் ஒருவரும் நிர்வாகி ஒருவரும் இணைந்து தலைமை தாங்கும் முறை உண்டு. அதைப் போல அனுபவமுள்ள ஒரு நிர்வாகியை எனக்குத் துணையாகக் கேட்டுப் பெற்றதுதான் முதல் ஆண்டில் என்னைக் காப்பாற்றியது.

வாரம் ஒரு நாள் புறநோயாளிகளை இன்றும் பார்க்கிறேன். ஆனால் தொடர்ந்து செய்யாவிட்டால் கை மங்கிவிடும் என்பதால், சிக்கலான அறுவைகளை என் இளைய சகாவிடம் ஒப்படைத்தேன். அவர் தனியாகச் செய்த முதல் பெரிய அறுவை நல்லபடியாக முடிந்த செய்தி, நான் பட்ஜெட் கூட்டத்தில் இருந்தபோது வந்தது.