கொஸ்மாட்டிசெராட்டிடே

வெள்ளவத்தையில் மகளுக்கு ஒரு அம்மோனைட் படம் காட்டினேன்; அழிந்துபோன, ஓடுள்ள கடலுயிர், கொஸ்மாட்டிசெராட்டிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. "சங்கா அப்பா?" என்றாள். இல்லை பிள்ளை, இது கணவாய் மீனின் சொந்தம்.

திருச்சி, அரியலூர்ப் பக்கத்துக் கிரீட்டேசியப் (டைனோசர் யுகத்தின் கடைசிக் காலம்) பாறைகளில் கிடைத்த இந்தக் குடும்பத்து இனம் ஒன்றை 1865இல் புவியியலாளர் ஸ்டொலிச்கா விவரித்தபோது, 'அம்மோனைட்டிஸ்' என்ற ஒரே பேரினத்தில்தான் போட்டார். பிறகு அந்தப் புதைபடிவங்களை விரிவாக ஆராய்ந்த கொஸ்மாட் என்ற ஆய்வாளரின் பெயரில் அதற்குத் தனிப் பேரினம் வந்தது. 1922இல் அம்மோனைட் ஆய்வாளர் ஸ்பாத் அதன் பெயரில் தனிக் குடும்பமே ஆக்கினார்.

ஓட்டை உற்றுப் பாருங்கள்: நெருக்கமான வரிகள், இடையிடையே கயிறு கட்டி இறுக்கியதுபோல் சாய்வான பள்ளங்கள். அந்தப் பள்ளங்கள்தான் எனக்குப் பிடித்த அடையாளம். அப்புறம், உள்ளறைச் சுவர் ஓட்டில் ஒட்டும் இடத்தில் நெளிநெளியான தையல்கோடு. வகைப்படுத்துபவர்கள் கவனமாகப் பார்ப்பது இவற்றைத்தான்.

அண்டார்டிகாவிலும் இதே குடும்பம் கிடைக்கிறது! நம் திருச்சி மண்ணில் அறிமுகமான குடும்பம் என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.